கிறிஸ்முக்கா: ஒட்டிய சொல், ஒட்டாத பண்டிகைகள்

2003 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஓடிய 'தி ஓ.சி.' தொடரில் சேத் கோஹன் என்ற பையன், தன் வீட்டுக்கென்றே ஒரு பண்டிகை இருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டான். அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். யூதப் பண்டிகையான ஹனுக்காவுக்கு எட்டு நாள் பரிசு, போதாததற்குக் கிறிஸ்மஸ் அன்று ஒரு குவியல். இதற்கு அவன் வைத்த பெயர் 'கிறிஸ்முக்கா'. தொடர் முடிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. 2004இலேயே மொண்டானா மாநிலத்துக் கலப்புமணத் தம்பதி அந்தப் பெயரில் வாழ்த்து அட்டை விற்றார்கள். கத்தோலிக்க லீக் என்ற அமைப்பும் யூத குருமாரின் அமைப்பான நியூயார்க் ரபிகள் வாரியமும் கூட்டாகக் கண்டன அறிக்கை விட்டன. இரண்டு மதத்தையும் கலக்காதீர்கள் என்று சொல்லவே இரண்டு மதத்தாரும் கூடினார்கள்!

சொல் புதிது, செய்த முறை பழையது. ஜெர்மன் மொழியில் கிறிஸ்மஸுக்கு வைநாக்டன் என்று பெயர். அதோடு ஹனுக்காவை ஒட்டி, 'வைநுக்கா' என்று பாதிக் கேலியாக வழங்கினார்கள் அந்நாட்டு யூதர்கள். வசதி வந்ததும் வீட்டில் கிறிஸ்மஸ் மரம் நட்ட தங்கள் சொந்தக்காரர்கள்தான் கேலிக்கு இலக்கு. 'ஷ்லெமீல்' என்ற யூத நகைச்சுவை இதழ் 1904இல் ஒரு கார்ட்டூன் போட்டது. சிற்றூர்த் தோல் வியாபாரி கோனின் ஹனுக்கா விளக்கு படம் படமாக வளைந்து, கிளைத்து, கடைசியில் பெர்லின் பணக்காரர் கோன்ராட்டின் கிறிஸ்மஸ் மரமாகிவிடும். விளக்கோடு சேர்ந்து பெயரும் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

கேலிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வியன்னாவில் மரம் வைத்த முதல் வீடுகளில் ஒன்றாகச் சொல்லப்படுவதே பெர்லினில் பிறந்த யூதப் பெண்மணி ஃபானி ஃபான் ஆர்ன்ஸ்டைனின் மாளிகைதான்; 1814இல் ஓர் ஒற்றர் அதைக் காவல்துறைக்கு எழுதி அனுப்பினார். அதே நகரில் 1895 டிசம்பர் 24 அன்று தியோடர் ஹெர்ட்ஸல் தன் பிள்ளைகளுக்காக மரத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது தலைமை ரபி மோரிட்ஸ் கூடெமான் வந்துவிட்டார். வந்தவர் முகம் சுளித்ததைக் குறித்துக்கொண்ட ஹெர்ட்ஸல், வேண்டுமானால் இதை ஹனுக்கா மரம் என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். யூத நாடு கேட்டு நூல் எழுதிக்கொண்டிருந்த மனிதர்! இரண்டே ஆண்டில், 1897இல், ஒரு தந்தை பிள்ளைகளுக்காக ஹனுக்கா விளக்குக்குத் திரும்புவதை அவரே சிறுகதையாக எழுதினார். பெர்லினில் 1911இல் சிறுவன் கெர்ஷோம் ஷோலமுக்குக் கிறிஸ்மஸ் மரத்தடியில் அம்மா வைத்த பரிசு, சட்டம் போட்ட ஹெர்ட்ஸல் படம். அதற்குப் பிறகு கிறிஸ்மஸ் அன்று ஷோலம் வீட்டில் தங்குவதில்லை. பிற்காலத்தில் யூத மறைஞான ஆய்வின் பெரும்பெயராக விளங்கியவர் அவர்.

இந்த வீடுகளில் எல்லாம் அப்பாவும் யூதர், அம்மாவும் யூதர். வைநுக்கா என்றால் ஊரோடு ஒத்துப்போக நட்ட மரம். கடல் தாண்டிய பிறகு சொல் காட்டும் பொருளே வேறு. 2013இல் பியூ ஆய்வு மையம் கண்டபடி, 2000க்குப் பின் மணமுடித்த அமெரிக்க யூதர்களில் 58 விழுக்காட்டினரின் துணை யூதரல்லாதவர். கலப்புமண வீடுகளில் பத்தில் ஏழில் கிறிஸ்மஸ் மரம் இருந்தது. இங்கே மரம் ஊருக்காக வந்ததல்ல, அம்மாவோடு வந்தது. அல்லது பாட்டி வீட்டிலிருந்து வந்தது. அதைக் கேலி செய்தால் பிள்ளையின் பாதி உறவைக் கேலி செய்வதாகும். ஜெர்மனியில் குத்திக்காட்டிய சொல் அமெரிக்காவில் பெருமையானதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஒட்டும்போது எது வெட்டுப்பட்டது? கிறிஸ்மஸில் வரும் 'மஸ்' திருப்பலிப் பூசையைக் குறிப்பது. அதில் மிஞ்சியது ஒரு மகர ஒற்று. ஹனுக்கா என்பது எபிரேயத்தில் அர்ப்பணம். அந்தியோக்கஸ் மன்னன் தீட்டுப்படுத்திய எருசலேம் கோவிலை மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் மீட்டு, கி.மு. 164இல் மறுபடி அர்ப்பணித்த நினைவு அது; பழைய தமிழ் வேதாகமம் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை என்று பெயர்த்திருக்கிறது. ஒரு பண்டிகையின் பூசையும் இன்னொன்றின் பிரதிஷ்டையும் கழன்ற பிறகு நிற்பது பரிசுப் பொட்டலம். நம் இலக்கணத்தின் உம்மைத்தொகை இப்படிச் செய்யாது. 'தாய்தந்தை' என்றால் நடுவிலுள்ள 'உம்' மட்டும்தான் மறையும். தாயும் முழுசு, தந்தையும் முழுசு.

இரண்டு பண்டிகையையும் பொறுப்பாகச் செய்யும் பெற்றோர் இந்த உம்மைத்தொகை வழியில்தான் போகிறார்கள். நாள்காட்டியும் அவர்கள் பக்கம். யூத மாதங்கள் நிலவைப் பின்பற்றுவதால் ஹனுக்கா நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் விளக்கு டிசம்பர் 25 மாலையே ஏற்றப்படுவது அபூர்வம். 1959, 2005, 2024 ஆண்டுகளில் நேர்ந்தது. மற்றபடி எட்டு இரவும் பெரும்பாலும் தனித்து நிற்கும்: உருளைக்கிழங்கு லாட்கே பொரியும் எண்ணெய், நான்கு எபிரேய எழுத்துள்ள ட்ரெய்டல் பம்பரம், மற்ற எட்டையும் ஏற்றித்தரும் ஒன்பதாவது சுடரான ஷமாஷ். மாட்டுத் தொழுவத்துக் குழந்தை இயேசுவின் கதை அதன் நாளில் வரும்.

எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டதில்லை. வேறு மதமும் முறையாகப் படிக்கும் பிள்ளையைத் தங்கள் மதப் பள்ளிகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்கச் சீர்திருத்த யூதர் 1995இல் தீர்மானம் போட்டார்கள். இரண்டும் பாதிப்பாதியாகத் தெரிந்தால் எதுவும் நிலைக்காது என்பது அவர்கள் கவலை. ஏறத்தாழ அதே காலத்தில்தான் வாஷிங்டன் பகுதியில் சில தாய்மார் இரு மதப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஒரே வகுப்பை ஒரு யூத ஆசிரியரும் ஒரு கிறிஸ்தவ ஆசிரியரும் சேர்ந்து நடத்துவது அங்கே முறை.

அந்தக் கவலையை ஒதுக்க முடியாது. கிறிஸ்முக்கா என்ற அளவில் நிற்கும் வீட்டுக்கு அது பொருந்தவும் செய்யும். ஹனுக்காவின் வேர் மூன்று மெய்யெழுத்து. அதே வேரில் பிறந்த இன்னொரு எபிரேயச் சொல் 'ஹினுக்'. பிள்ளைக்குக் கல்வி புகட்டுதல் என்று பொருள். ஒட்டுச் சொல்லில் அந்த வேரின் கடைசி எழுத்து மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டையும் பெற்றோர்தான் சொல்லித்தர வேண்டும். அட்டைக்கு ஒரு பெயர் போதும். பிள்ளைக்கு இரண்டு கதையும் வேண்டும்.