பம்பாயின் பாடல்: ‘ஏ தில் ஹை முஷ்கில்’

1956ஆம் ஆண்டு வெளிவந்த ‘சி.ஐ.டி.’ இந்தித் திரைப்படத்தில் இடம்பெற்ற ‘ஏ தில் ஹை முஷ்கில் ஜீனா யஹான்’, பம்பாய் நகரைப் பற்றிய பாடல்களுள் மிகவும் புகழ்பெற்றது. குரு தத் தயாரித்து ராஜ் கோஸ்லா இயக்கிய இப்படத்தின் நாயகன் தேவ் ஆனந்த். ஆனால் இப்பாடல் அவருக்குரியதன்று. நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கர் ஏற்ற பிக்பாக்கெட் திருடன் வேடத்துக்கே அது தரப்பட்டது. நகரைப் பற்றிப் பேச அவனைவிடத் தகுதியானவன் யார்?

கட்டடம், டிராம், மோட்டார், மில் என நகரின் பொருள்களை அவன் அடுக்குகிறான். மனிதமனம் மட்டும் அங்கே அகப்படவில்லை என்கிறான். வீடற்றவனை ஊர்சுற்றி என இகழ்வோர், தாம் செய்யும் கொள்ளைக்கு வியாபாரம் என்று பெயரிடுவதையும் குத்திக்காட்டுகிறான். இத்தனை கசப்பும் துள்ளலான மெட்டில் வருகிறது. இசையமைத்த ஓ.பி. நய்யார் ‘கிளமென்டைன்’ என்ற அமெரிக்க நாட்டுப்பாடலின் மெட்டைத் தழுவியுள்ளார். அதுவும் பொன் தேடிப் போனவர்களின் கலிபோர்னியாவில் நிகழும் பாடல்தான் என்பது சுவையான பொருத்தம்.

பாடலை உருவாக்கியோர் அனைவரும் பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர்கள். பாடலாசிரியர் மஜ்ரூஹ் சுல்தான்புரி உத்தரப் பிரதேசத்துக்காரர். யூனானி வைத்தியம் பயின்ற அவர் 1945இல் ஒரு கவியரங்குக்காக வந்து அங்கேயே தங்கினார். நேருவைச் சாடிக் கவிதை பாடியதற்காகச் சுதந்திர இந்தியாவில் சிறைக்கும் சென்றார். நய்யார் லாகூரில் பிறந்தவர். பாடிய முகமது ரஃபி பஞ்சாபிலிருந்தும், கீதா தத் கிழக்கு வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். ஜானி வாக்கரோ நடிகராகுமுன் இதே நகரில் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

பாடல் வந்த ஆண்டில் பம்பாய் யாருக்கு என்ற கேள்வி தெருவில் இரத்தம் சிந்தவைத்தது. நகரை மத்திய அரசின் ஆட்சிப்பகுதியாக்கும் அறிவிப்பை எதிர்த்து 1956 ஜனவரியில் நடந்த கிளர்ச்சியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் மாண்டனர். 1960 மே 1 அன்றுதான் அது மகாராஷ்டிரத்தின் தலைநகராயிற்று. பாடல் இச்சண்டையைத் தொடவில்லை. எனினும் வந்தேறியின் குறையும் பிடிப்பும் அதில் உள்ளன. இறுதிச் சரணத்தில் கும்கும் ஏற்ற காதலிக்காகக் கீதா தத் குரல் கொடுக்கிறார். அவள் ‘கடினம்’ என்ற சொல்லை ‘எளிது’ என்று மாற்றிவிடுகிறாள். பலரும் முதற்பகுதியை மட்டுமே நினைவில் வைத்திருப்பதால் இந்தப் பதில் கவனிக்கப்படாமலே போகிறது.

பம்பாயின் டிராம் 1964 மார்ச் 31 அன்று நின்றது. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1995இல் நகரின் பெயரும் மும்பை ஆயிற்று. பாடல் அடுக்கிய பொருள்களில் பல இன்று இல்லை. ஆயினும் 2016இல் கரண் ஜோஹர் தம் படத்துக்கு இதன் முதற்சொற்களையே பெயராக வைத்தார்.