தொழுவுக்கு வந்த விழா: கம்பம் பள்ளத்தாக்கில் கிறிஸ்மஸ் மரபுகள்

1659ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. கிறிஸ்மஸ் என்று சொல்லி வேலையை விட்டாலோ விருந்து வைத்தாலோ ஐந்து ஷில்லிங் அபராதம். வேதத்தில் நாள் குறிக்கப்படாத பிறப்புக்கு விழா எடுப்பது மனிதர் கட்டிய வழக்கம் என்பது அங்கிருந்த பியூரிட்டன்களின் வாதம். 1681இல் சட்டம் நீங்கியது, மனப்போக்கு நீங்கவில்லை. அந்த மாநிலத்தில் கிறிஸ்மஸ் அரசு விடுமுறையானது 1856இல்தான். கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய பெரியகுளம் வட்டாரத்துக்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தைக் கொண்டுவந்தவர்கள் இந்த மரபின் பிள்ளைகள்.

மதுரை அமெரிக்க மிஷன் 1834இல் யாழ்ப்பாணம் வழியாக வந்தது. அதை அனுப்பிய அமெரிக்கன் போர்டு 1810இல் நிறுவப்பட்டது. பெரிதும் காங்கிரிகேஷனல் சபையாரின் முயற்சி அது. 1845இல் கோடைக்கானலில் முதல் பங்களாக்களை எழுப்பியவர்களும் இவர்களே. பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில் ஏறித்தான் அங்கே போனார்கள். இவர்கள் வழிபாட்டில் ஞாயிறுதான் திருநாள். ஆண்டு முழுவதையும் திருவிழாக்களாகப் பகுத்துக்கொள்ளும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. அப்படியானால் இந்தச் சபைகளுக்குள் கிறிஸ்மஸ் எந்த வழியாக நுழைந்தது? ஐரோப்பியர் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்ற வழக்கமான விடை இங்கே போதாது.

கத்தோலிக்கர் கதை வேறு. 1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலியோடு தொடங்கிய மிஷன் 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டபோது நிலைகுலைந்தது. 1838இல் பிரெஞ்சு சேசு சபையினர் அதை மீண்டும் தொடங்கினர். அவர்களுக்குக் கிறிஸ்து பிறப்பு பெருவிழா என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர்த் திருவிழா என்றால் பாதுகாவலர் திருவிழாதான்: கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எல்லாம் அதற்கே. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள இராயப்பன்பட்டியின் பாதுகாவலி பனிமய மாதா. அவருடைய நாள் ஆகஸ்ட் 5. ஆக ஒரு மரபுக்குக் கிறிஸ்மஸ் வேண்டாத விழா, இன்னொன்றுக்கு ஊர் அளவில் இரண்டாம் விழா.

என் கருத்தில், கிறிஸ்மஸை இங்கே வளர்த்ததில் பெரும்பங்கு மார்கழிக்கு உண்டு. டிசம்பர் 25 மார்கழி ஒன்பதிலோ பத்திலோ விழுகிறது. இந்த நாள் ரோமில் விழாவாக இருந்ததற்குச் சான்று 354ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத் தொகுப்பில் கிடைக்கிறது. வெல்லற்கரிய சூரியனின் விழாவை ஒட்டி வைத்தார்கள் என்பார் ஒரு சாரார். மார்ச் 25இல் கருத்தரிப்பு என்று கணித்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பார் மறுசாரார். எதுவாயினும் ரோமரின் மரபுக் கணக்கில் அது சூரியன் வடக்கே திரும்பும் நாள். நம் பஞ்சாங்கம் அதே திருப்பத்தைத் தை முதல் நாளில் வைத்திருக்கிறது. விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவதால் அது நூற்றாண்டுகளில் தள்ளிப்போய் இன்று ஜனவரி நடுவில் நிற்கிறது. கிறிஸ்மஸும் பொங்கலும் ஒரே வானியல் நிகழ்வின் இரண்டு பிள்ளைகள்.

மார்கழி விடியலில் வீதி பாடும் மாதம். மிஷனிடம் பாட்டும் தயாராகவே இருந்தது. மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன் உயிர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்த அந்தப் புலவரின் ராகமும் தாளமும், விழாவை விரும்பாத மரபினர் அச்சிட்ட புத்தகத்தின் வழியே சபைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று டிசம்பர் இரவுகளில் ஆர்மோனியமும் டோலக்குமாக வீடு வீடாகப் போகும் கிறிஸ்மஸ் பஜனை, பெருமாள் கோயில் பஜனைக்குப் பங்காளி முறை.

பாட்டைப் போலவே கிறிஸ்மஸ் குடிலையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சோளத்தட்டையோ தென்னங்கீற்றோ கூரை. சிமென்ட் சாக்குத் தாளைக் கசக்கி, கரியும் சாயமும் பூசி நிறுத்தினால் மலை. எட்டுப் பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகோ வெந்தயமோ தெளித்து, முளைத்ததை அடியோடு பெயர்த்து வைத்தால் புல்வெளி. அம்மன் கோயில் முளைப்பாரியை இது நினைவூட்டும். ஆனால் முளைப்பாரி இருட்டில் வளர்ந்து வெளிறி நிற்கும், அதற்கு நோன்பும் கும்மியும் உண்டு. குடில் புல் திண்ணை வெயிலில் பச்சையாக வளர்வது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். விதை முளைக்க வைக்கத் தெரிந்த கைகள் இரண்டையும் செய்கின்றன, அவ்வளவே.

குடிலுக்கு மூலம் 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திய காட்சி. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு, மாடு இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து பிற்காலத்தார் ஓட்டிவந்த மாடு அது. இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. நந்தகோபாலன் கோயில் எனப்படும் அந்தத் தொழுவில் வழிபாடு மாடுகளுக்கே, முதல் மரியாதை பட்டத்துக் காளைக்கு. நேர்ந்துகொண்டு மாடு விடுகிறார்கள், மாட்டுப் பொங்கலன்று கூட்டம் நெரியும். தொழுவே கோயிலாக இருக்கும் ஊரில், கடவுள் தொழுவில் பிறந்தார் என்ற செய்தியின் இழிவு பாதி கரைந்துவிடுகிறது. அறுத்த வயலில் கிடை போட்டு இராக்காவல் இருப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெத்லகேம் இடையர்களும் தூரத்து மனிதர்கள் அல்லர். இறையியலார் பக்கம் பக்கமாக எழுதும் தாழ்ச்சி என்ற பொருள், இங்கே சாணி வாசத்தோடு விளங்குகிறது.

சீர்திருத்தச் சபைகளில் கிறிஸ்மஸுக்கு முறையான அங்கீகாரம் பிறகே வந்தது. 1908இல் மதுரை மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27இல் அது ஆங்கிலிக்கரோடும் மெதடிஸ்டுகளோடும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையானது. விழா நாட்காட்டியும் ஆங்கிலிக்கரோடு வந்தது. மதுரை–இராமநாதபுரத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்து திருச்சபை அனுப்பியவர். அந்த ஸ்காட்லாந்திலேயே கிறிஸ்மஸ் பொது விடுமுறையானது 1958இல். பேராயரை அனுப்பியவர்களை முந்திக்கொண்டு நம் ஊர்ச் சபைகள் கொண்டாடிக்கொண்டிருந்தன!

பிளம் கேக் இதில் கடைசி அடுக்கு. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு செய்த கேக்கிலிருந்து கேரளத்தில் பரவிய பழக்கம், குமுளி மலையின் இந்தப் பக்கத்துப் பேக்கரிகளிலும் டிசம்பரில் அடுக்கி நிற்கிறது. கேக் வாங்கும் வீடுகளிலும் முறுக்கும் அதிரசமும் நின்றுவிடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிக்கு வந்த பலகாரத் தட்டுக்குப் பதில் தட்டு போக வேண்டுமே.