இரும்புக் கடையில் வாங்கிய மிதிவண்டி

மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் செய்த ரோவர் வண்டியிலிருந்தும், 1888இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரிலிருந்தும் தொடங்குவர். நான் பூவிருந்தவல்லிக் கடைத்தெருவிலிருந்து தொடங்குகிறேன். என் தந்தையார் தம் மிதிவண்டியை அங்கே ஓர் இரும்புச் சாமான் கடையில்தான் வாங்கினார்.

ஆணியும் மண்வெட்டியும் விற்ற கடையில் மிதிவண்டியா என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். அமெரிக்காவிலும் முன்னாளில் இரும்புக் கடை வணிகர், ஆலைகள் செய்த வண்டியின் முகப்பில் தம் கடைப் பெயர்ப் பட்டயத்தைப் பொருத்தி விற்றதுண்டு. நம் பக்கத்துக் கடைக்கு வண்டி முழு உருவில் வராது. உறுப்பு உறுப்பாகக் கட்டி வரும். கடை ஓரத்தில் அமர்ந்த மிஸ்திரி முன் சக்கரத்தில் 32 கம்பியும் பின் சக்கரத்தில் 40 கம்பியும் கோத்து, கோட்டம் எடுத்து, சுற்றிவிட்டுக் காட்டுவார். அதைப் பார்க்கவே சிறுவர் கூடுவோம்.

அவ்வண்டிகள் தொலைவிலிருந்து வந்தவை அல்ல. 1949இல் முருகப்பா குழுமம், பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கிற்று. ஹெர்குலிஸ் வண்டி அங்கே உருவாயிற்று. 1955இல் ஆவடியில் இரும்புக் குழாய் ஆலையும், 1960இல் அம்பத்தூரில் சங்கிலி ஆலையும் எழுந்தன. இடையே 1959இல் டன்லப் டயர் ஆலையும் வந்தது. ஏரிப்பாசன ஊர்கள் சூழ்ந்த இப்பகுதியில், கூலி வேலை ஒன்றே அறிந்த நம்மவர் சிலர்க்கு மாதச் சம்பளம் என்பது அப்போதுதான் அறிமுகமாயிற்று. நசரத்பேட்டையிலிருந்து அம்பத்தூருக்கு நாள்தோறும் போய்வர மிதிவண்டி இன்றி இயலாது. தந்தையாரும் அவ்வாறே ஒரு பட்டறைக்குச் சென்று வந்தார். வண்டியின் கடனை அடைக்க அவருக்கு இரண்டாண்டு பிடித்தது.

ஆயினும், வழியில் ஒரு தெருவின் முனையில் அவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். தெரு முடிந்தபின்தான் ஏறுவார். முன்பாரில் அமர்ந்திருந்த என்னையும் இறக்கிவிடுவார். டயரில் காற்றில்லையோ என்று ஒருமுறை கேட்டேன். அவர் விடை கூறவில்லை. பொதுத் தெருக்களும் கிணறுகளும் நமக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தது 1924இல். தீண்டாமையைக் குற்றமாக்கிய தனிச் சட்டம் வந்தது 1955இல். இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தது கல்லூரிக்குப் போன பின்னரே. அத்தெருவில் முதன்முதல் இறங்காமல் ஓட்டிச் சென்றவர், ஆலையில் வேலைபார்த்த நம் இளைஞர் நால்வர். தனித்தனியாக அன்று, நால்வரும் சேர்ந்தே மணியடித்துக்கொண்டு சென்றனர். சில நாள் சச்சரவு இருந்தது, பிறகு ஓய்ந்தது. தந்தையார் மட்டும் மேலும் ஓராண்டு இறங்கியே நடந்தார். அதை அச்சம் என்று இகழ என் மனம் ஒப்பவில்லை. வண்டியை முறித்துவிட்டால் மறு வண்டிக்கு ஏது வழி?

2001-02 கல்வியாண்டில் தமிழக அரசு மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிற்று. பின்னர் அது பிற மாணவர்க்கும் விரிந்தது. எங்கள் பள்ளிக்கு அவையும் உறுப்பு உறுப்பாகவே வந்திறங்கும். மிஸ்திரி கம்பி கோக்கும்போது நான் இன்றும் அருகில் நின்று பார்ப்பேன்.

உள்ளாட்சி மன்றங்கள் மிதிவண்டி வரிக்கு அளித்த தகர வில்லை, பழைய வண்டியின் முகப்புப் பட்டயம், கடை ரசீது எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், சங்க நூலகத்தில் கொடுத்துவைக்க வேண்டுகிறேன். தந்தையாரின் ரசீதை நான் முன்னரே கொடுத்துவிட்டேன்.