காம்பின் நீளம்

களைக்கொட்டின் காம்பு ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. பல வீடுகளில் அதற்கும் குறைவு. இரும்பு தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்துத் தட்டி வாங்குவார்கள், காம்பு உடைந்தால் வேலங்குச்சியைச் சீவிப் போடுவார்கள். நீளத்தைக் கூட்டி யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. களமருதூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டும் பெண்கள் இதை வைத்துக்கொண்டு ஒன்று குந்தியபடியே நகர வேண்டும், இல்லை இடுப்பை மடக்கிக் குனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் கருவி மண்ணைத் தொடாது. அதே கொல்லையில் வரப்பு கழிக்கும் ஆம்பளை கையில் மண்வெட்டி. அதன் காம்பு இதைப்போல இரண்டு மடங்கு நீளம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் தென்னாற்காட்டு நாக்கில் உருண்டு உருண்டு இப்படி ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த ஜில்லா முழுக்க அது பரவியது. புதுச்சேரி துறைமுகம் வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. சோப்பும் எண்ணெயும் அங்கே, கொல்லையும் களையும் இங்கே. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலிருக்கும் எங்கள் ஊர் அப்போது தென்னாற்காடு. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனோம், 2019-இல் கள்ளக்குறிச்சி ஆனோம்.

இந்தப் பகுதியின் விவசாய வரலாற்றுக்கு நல்ல ஆவணங்கள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வு செய்து 1918-இல் புத்தகமாக்கினார். அதில் ஒரு கிராமம் விழுப்புரத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவிலிருக்கும் இருவேல்பட்டு. 1916-இல் தொடங்கி 2008 வரை அந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டாக நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி என்ன ஆனது, சாதிகளுக்கு இடையே அதிகாரம் எப்படி நகர்ந்தது என்று ஒரு ஊரை வைத்தே பேச முடிவது பெரிய விஷயம். எனக்கு வேண்டிய வரலாறு அதைவிடச் சின்னது. ஒரு முழம் நீளமுள்ளது.

என் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஐம்பது வருஷம் களை வெட்டினவர். கடைசிக் காலத்தில் தண்ணிச் சொம்பை ஒரு கையால் தூக்க மாட்டார். "கட்ட வெரலு அடியில ஊசிய வச்சுத் திருவுறாப்ல இருக்குதுடா" என்பார். ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கையைத் தொட்டுப் பார்க்காமலே "வயசாயிடுச்சுல்ல, வேலையக் கொறச்சுக்கங்க" என்றார். ஆயா வெளியே வந்து, "வேலையக் கொறச்சா கூலிய இவுரு குடுப்பாரா?" என்று கேட்டார். எந்த டாக்டர் என்பது இங்கே முக்கியமில்லை. எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆயாவுக்கு இருந்த வலிக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. 1895-இல் ஃப்ரிட்ஸ் டி குவெர்வெய்ன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் அதைப் பற்றி எழுதினார், அவர் பெயரே நோய்க்கும் நின்றுவிட்டது. கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்து, நாண் உள்ளே உரசும். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்றால் உங்களுக்கும் அது இருக்கலாம். செல்போனைத் தள்ளித் தள்ளி வரவழைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கொட்டுவதை நிமிஷத்துக்கு முப்பது தரம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,800. காலையிலிருந்து ஆறு மணி நேரம் என்றால் 10,800. ஒவ்வொரு கொட்டிலும் மணிக்கட்டு ஒருமுறை மடங்கி நிமிர்கிறது, காய்ந்த செம்மண்ணின் அதிர்ச்சி காம்பு வழியே உள்ளங்கைக்கு ஏறுகிறது. இடது கை சும்மா இல்லை, கோரையைப் பிடித்துப் பிடுங்குகிறது. அவசரமும் உண்டு. பூ விட்டபின் மல்லாட்டைச் செடியின் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கு மேல் மண்ணைக் கிளறினால் விழுது அறுந்து மகசூல் போச்சு. அதற்குள் ஊர்க் கொல்லைகளிலெல்லாம் களை முடிய வேண்டும். ஆகவே எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில், நாள் தவறாமல் போவார்கள். கைக்கு ஓய்வு தேவைப்படும் வாரங்களில்தான் கூலி கிடைக்கிறது.

ஒரே அசைவு கையைக் கெடுக்கும் என்பதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர். தொழில்நோய்கள் பற்றிய அவர் புத்தகம் 1700-இல் வந்தது, விரிவான பதிப்பு 1713-இல். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். ஆயாவை யாரும் கேட்காத கேள்வி அது. அவர் புத்தகத்தில் ஒரு பத்திர எழுத்தர் வருகிறார். வாழ்நாளெல்லாம் எழுதி எழுதி வலது கை விழுந்துவிட, இடது கையால் எழுதப் பழகிக்கொள்கிறார். கொஞ்ச நாளில் இடது கைக்கும் அதே நோய் வந்துவிடுகிறது. படித்தபோது எனக்குத் திக்கென்றது. ஆயாவும் கடைசி வருஷங்களில் களைக்கொட்டை இடது கைக்கு மாற்றியிருந்தார்.

ஆனால் அதன் பிறகான இருநூறு வருஷத்தில் எழுதுகிற கைகளும் தட்டுகிற கைகளும் சட்டத்தின் கண்ணில் பட்டன. தந்தி அடிப்பவர்களுக்கு வரும் கைப்பிடிப்பை 1908-இல் பிரிட்டன் இழப்பீடு தரவேண்டிய நோய்களில் சேர்த்தது. தந்தி ஊழியர்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள், சங்கம் வைத்திருந்தவர்கள். அவர்கள் கை நின்றால் அரசாங்கத்துக்கே காரியம் ஓடாது. வயலில் வலித்த கை எந்தத் தந்தியையும் நிறுத்தவில்லை.

இந்தியாவில் 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களை அடுக்கியது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் காது மந்தம் என்று மொத்தம் 29. தசைநாண், மூட்டு, இடுப்பு எதுவும் அதில் இல்லை. வயல் எப்படியும் தொழிற்சாலை ஆகாது என்பது வேறு கதை. அதேபோல 2025 வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் யாரெல்லாம் தொழிலாளர் என்று சொன்ன இரண்டாம் அட்டவணையில் விவசாயமும் வந்தது. எப்படியென்றால், டிராக்டராலோ நீராவி, மின்சாரம் போன்ற இயந்திர சக்தியால் ஓடும் சாதனத்தாலோ செய்யும் விவசாயம். டிராக்டர் ஓட்டுகிறவர் உள்ளே. அவர் உழுத கொல்லையில் குந்தியிருக்கும் பத்துப் பெண்கள் வெளியே. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்தில் கை, கால் போனால் பணம் உண்டு. ஒரே நாளில் போனால் அது விபத்து, ஐம்பது வருஷமாகப் போனால் அது வயசு. 2010-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், ஒரே அசைவால் கட்டைவிரல் அடியில் வரும் இந்த உறை அழற்சி தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயாவின் கட்டைவிரல் ஜெனிவா வரை போய்விட்டது, உளுந்தூர்ப்பேட்டைக்குத்தான் இன்னும் வரவில்லை.

காம்பின் நீளத்துக்காகவே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். அங்கே லெட்டூஸ் கீரை வயல்களிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்களிலும் பயிர் கலைக்கவும் களையெடுக்கவும் மெக்சிகோ வழித் தொழிலாளர்களிடம் ஒரு அடிக் காம்புள்ள கொத்தைக் கொடுத்தார்கள். ஸ்பானிஷில் அதற்கு 'எல் கோர்ட்டிட்டோ', குட்டையன், என்று பெயர். நாள் முழுக்க இடுப்பை மடக்கி மைல் கணக்கில் நகர வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் இதைப் பிடித்து வேலை செய்தவர், முதுகுவலி அவரைக் கடைசிவரை விடவில்லை. மாரிஸ் ஜோர்டேன் என்ற இளம் வழக்கறிஞர் தொழிலாளர்கள் சொல்லக் கேட்டு, தானும் அந்தக் கொத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பின் மூலம் 1972-இல் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையிடம் மனு கொடுத்தார்.

முதலாளிகளின் வாதங்கள் நம் ஊரில் கேட்டதுபோலவே இருக்கின்றன. காம்பு நீண்டால் பயிர் வெட்டுப்படும், வேலை சுத்தமாக இருக்காது, இது காலங்காலமாக வந்த முறை. வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது: எல்லோரும் குனிந்திருந்தால், யார் நிமிர்கிறார்கள் என்பது கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பாதுகாப்பு வாரியம் மனுவைத் தள்ளியது. ஆபத்தான கைக்கருவிக்குத்தான் விதியில் தடை, இந்தக் கொத்தில் உடைசலோ கோளாறோ இல்லை, பிடிக்கிறவர் குனிவதால்தான் வலி என்று அது விதியைப் படித்தது. கார்மோனா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1975 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு கருவியை அதற்குரிய வேலைக்கு, உரிய விதத்தில், நாள்கணக்கில் பயன்படுத்தினாலே உடம்பு கெடுமென்றால் அதுவும் ஆபத்தான கருவிதான் என்றது. சில மாதங்களிலேயே குட்டைக் காம்புக்குத் தடை வந்தது. லெட்டூஸ் தொழில் அழிந்துவிடவில்லை. நீளக் காம்போடு அதே வயலில் அதே வேலை நடந்தது.

இதைப் படித்துவிட்டு நம்மூரிலும் யாராவது வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பது சுலபம். யார் மேல் போடுவது? எங்கள் பக்கம் கொல்லைக்காரர் பெரும்பாலும் இரண்டு ஏக்கர்க்காரர், அவர் வீட்டுப் பெண்ணும் அதே வரிசையில் குந்தியிருப்பார். களைக்கொட்டு கூலிக்காரியின் சொந்தச் சொத்து, வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவது. தன் கருவிக்குத் தானே பொறுப்பு என்று ஆகிவிட்ட இடத்தில் முதலாளியைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

ஆகவே பெண்கள் சமாளித்தார்கள். மணிக்கட்டில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டினார்கள். ராத்திரி உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சித் தழை வேகவைத்த தண்ணீர், வாட்டிய எருக்கிலை. சூடு வலியை ஆற்றும், ஆனால் காலையில் அதே 10,800 காத்திருக்கும். எனக்கு இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தோன்றுவது வேலைக்கு நடுவில் செய்துகொண்ட ஏற்பாடுகள். வெற்றிலை போடுகிற சாக்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் கை ஓய்வார்கள், கொல்லைக்காரர் ஒன்றும் சொல்ல முடியாது. இன்று கைக்கு முடியாதவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவார்கள். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்துச் சால்காரிகள் அவள் சாலிலும் நாலு கொட்டுக் கொட்டிக்கொண்டே போவார்கள். அடிக்கடி சின்ன ஓய்வு, வேலையை மாற்றி மாற்றிச் செய்வது: வேலையிட மருத்துவர்கள் இன்று சொல்வதும் இதைத்தான். பின்னாளில் மெடிக்கல் ஷாப் வந்தது, 'ரெண்டு வலி மாத்திரை' வந்தது, சந்தை நாளில் ஊசி வந்தது. டைக்ளோஃபெனாக் போன்றவை வலியை மறைத்து மறுநாள் வேலைக்கு அனுப்பும். வருஷக்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கேட்கும். இதைச் சமாளிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீளக் காம்பு நம்மிடம் வராமலும் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் புன்செய்க்கு நின்றபடி தள்ளி இழுக்கும் சக்கரக் களைக்கருவிகளைக் கொண்டுவந்தது. 2000-க்குப் பிறகு திருந்திய நெல் சாகுபடியோடு கோனோவீடர் வயலுக்குள் வந்தது. வரிசை நடவுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து உருட்டினால் போதும். வந்ததும் பல ஊர்களில் அதைப் பிடித்தது ஆம்பளைகள். குனிந்து செய்தவரை பெண் வேலை, கருவி நீண்டதும் ஆண் வேலை, கூலியும் ஆண் கூலி. மல்லாட்டைக் கொல்லையில் அதுவும் நிற்கவில்லை. கை விதைப்பில் சால் நேராக இருக்காது, செடிக்கு அடியிலிருக்கும் கோரையைச் சக்கரம் எடுக்காது. அதனால் களைக்கொல்லி வந்தது. தெளிப்பான் ஒரு ஆள் முதுகில் ஏறியது, பத்துப் பெண்களின் கூலி நாள் போனது. இடுப்புவலி குறைந்ததா என்று கேட்டால், "வேலையே இல்லாம இடுப்பு மட்டும் நல்லாருந்து என்னா பண்றது" என்கிறார் எங்கள் தெரு அத்தை ஒருத்தர்.

கலிஃபோர்னியாவிலும் கதை 1975-இல் முடியவில்லை. குட்டைக் கொத்துக்குத் தடை வந்ததும் சில பண்ணைகளில் கொத்தே இல்லாமல் வெறும் கையால் களை பிடுங்கச் சொன்னார்கள். இடுப்பு பழையபடி மடங்கியது. அதைக் கட்டுப்படுத்தும் விதி வர 2004 ஆனது.

மல்லாட்டை உடைக்க மெஷின் வந்து வெகுகாலமாகிறது. விதைக்கு மட்டும் அது ஆகாது, பருப்பின் தோல் கிழிந்தால் முளைப்பு போய்விடும். விதைக் காயை இன்னும் கையால்தான் உடைக்கிறார்கள், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக. படிக் கணக்கில் கூலி. மார்கழிப் பட்டத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை முறமும் மூட்டையும் இருக்கும். போன தடவை ஊருக்குப் போனபோது இரண்டு திண்ணைகளில் காயை உடைத்துக்கொண்டிருந்தது இடது கை.