கொல்லிமலை மக்களும் மாந்தன் தோற்றமும்

ஓரி ஆண்ட கொல்லியையும் ஆங்கு நின்ற பாவையையும் சங்க நூல்கள் பலவிடத்துப் பேசுகின்றன. அதனால், இன்று அம்மலையில் வாழும் மலையாளிகளைச் சங்ககாலக் குறவரின் நேர்வழியினர் என்றும், உடலமைப்பால் ஏனைத் தமிழரினும் தொன்மையான இனத்தார் என்றும் கருதுவோர் உளர். (மலையாளி என்பது ஈண்டு மலைவாழ்நரைக் குறிக்கும், சேரநாட்டாரை அன்று.) இக்கருத்துப் பொருந்தாது என்பது எம் துணிபு.

இதன் வேர் மூக்களவையில் உள்ளது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். மூக்கு அகன்றிருப்பின் தொல்குடி என்பது அக்கால அளவுகோல். மூக்கின் அகலமோ பெரிதும் தட்பவெப்பத்தைச் சார்ந்தது. குடியின் காலத்தைக் காட்டாது.

இக்கால மாந்தனை முந்தையோரிடமிருந்து பிரிக்கும் கூறுகள் வேறு: உயர்ந்து உருண்ட மண்டையோடு, நிமிர்ந்த நெற்றி, தணிந்த புருவமேடு, மண்டையின் கீழ் ஒடுங்கிய சிறுமுகம், முனைத்த மோவாய். இவை ஒருங்கே தோன்றியனவல்ல. மொராக்கோவின் செபல் இர்கூத்தில் கிடைத்த எலும்புகள் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகட்கு முந்தியவை என 2017இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் முகம் நம் முகத்தை ஒக்கும். மண்டையோடோ நீண்டு தாழ்ந்தது. எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் 1967இல் கண்டெடுத்த மண்டையோடுகளுள் ஒன்றில் உருண்ட வடிவமும் மோவாயும் தெளிவாக உள்ளன. அதன் தொன்மை 2,30,000 ஆண்டுகட்குக் குறையாது என 2022இல் கணித்தனர். இத்தகையோர் ஆப்பிரிக்காவினின்று பரவினர். நம் அண்டைநாடாகிய இலங்கையின் பாகியன் குகையில் 35,000 ஆண்டுகட்கு மேற்பட்ட அவர்தம் எலும்புகள் உள்ளன.

மேற்கூறிய கூறுகள் கொல்லிமலை உழவர்க்கும் காஞ்சிபுர நெசவாளர்க்கும் ஒன்றே. இருவரும் ஆப்பிரிக்க முன்னோரினின்று ஒத்த தொலைவினர். ஒருவர் மூத்தார், ஒருவர் இளையார் எனற்கு இடமில்லை. (சட்டம் வழங்கும் பழங்குடி நிலை மக்களின் வாழ்க்கை நிலையை நோக்கியது, மண்டையோட்டை நோக்கியதன்று. அதனை இவ்வாராய்ச்சி தொடாது.)

மலையாளிகள் தம்மைப்பற்றிக் கூறுவதும் கருதத்தக்கது. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தனர் என்றும், உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் தனித்தனியே குடியேறினர் என்றும் அவர்தம் வழிவழிக் கதை கூறும். இதனை வரலாறாக அப்படியே கொள்ளுதல் அரிது. ஆயினும் சமவெளியிலிருந்து வந்தோம் என்பாரை, அவர் சொல்லைக் கேளாமலே மலையின் ஆதிமக்கள் என வரைந்தது முறையன்று.

தினையும் சாமையும் விளையும் அவர்தம் நிலத்தைக் குறிஞ்சிப் புனத்தோடு ஒப்பிடுதல் தக்கதே. அவ்வொப்புமைக்கு மலையின் மண்ணும் மழையும் காரணமாதல் போதும். அங்குள்ள கோயில்களில் வைத்து வழிபடப்பெறும் வழுவழுப்பான கற்கோடரிகளோ புதிய கற்காலத்தன. ஓமோ மண்டையோட்டின் தொன்மையை நோக்க அவை நேற்றையன. அவற்றைத் தீட்டியோர் யாவர் என்பதை அகழாய்வே கூறவேண்டும், மூக்களவை கூறாது.