ஏலத்தாளும் தோட்டத்து வேனும்

இலங்கையின் மோட்டார் வாகன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் தொடங்கிக் கொழும்பு வீதிகளிலேயே முடித்துவிடுகின்றனர். ஊவா மலைகளில் அந்த வரலாறு வேறு விதமாக நடந்திருக்கிறது. பெரகலவிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், மீரியபெத்த போன்ற தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் பழைய ஜப்பானிய வேன்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவை எப்படி இங்கு வந்து சேர்ந்தன, அவற்றின் உண்மையான விலையை யார் செலுத்தினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆங்கிலேயர் காலத்தில் மோட்டார் வாகனம் துரைமாரின் உடைமை. 1924இல் பதுளை வரை நீண்ட ரயில் பாதையும் முதன்மையாகத் தேயிலைக்காகவே மலையேறியது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது பிரதான வீதி வரை அரச பஸ் வந்தது. அங்கிருந்து லயத்துக்கு நடைதான். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் தோட்டத்து லொறியில் ஏற்றியோ, தோளில் சுமந்தோதான் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களுக்கு, குடியிருந்த லயக் காம்பராவும் சொந்தமில்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. ஒஸ்டின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே நாடு ஓடியது. 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சி அமைந்து, அவ்வாண்டு நவம்பரில் வெளியான வரவு செலவுத் திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதன் பின்னரே ஜப்பானில் பாவித்த வாகனங்கள் 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு பெருமளவில் வரத் தொடங்கின. மக்கள் 'டொல்பின்' என்று பெயர் சூட்டிய டொயோட்டா ஹயஸ் வேன் தோட்டப் பாதைகளுக்கும் பழகிப்போனது.

நல்ல நிலையிலுள்ள வாகனத்தை ஜப்பானியர் ஏன் விற்கின்றனர் என்று பலர் கேட்பதுண்டு. அங்கு புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 'ஷாகென்' எனும் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பத்து ஆண்டு கடந்த கார்களுக்கு 1995 வரை இது ஆண்டுதோறும் கட்டாயமாக இருந்தது. பரிசோதனை, வரி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் சேர்ந்தால் பழைய காரை வைத்திருப்பதைவிட விற்றுவிடுவதே இலாபம். ஜப்பானிலும் இலங்கையிலும் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகவே ஓடுகின்றன. எனவே சாரதி ஆசனத்தை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

அவ்வாறு கைவிடப்படும் வாகனங்கள் ஏலக்கூடங்களுக்கு வருகின்றன. டோக்கியோவுக்கு அருகே, சீபா மாகாணத்தின் நோடா நகரிலுள்ள யு.எஸ்.எஸ். ஏலக்கூடம் அவற்றுள் புகழ்பெற்றது. வியாழக்கிழமை தோறும் அங்கு நடைபெறும் ஏலத்தில் ஒரு வாகனத்தின் விலை சில வினாடிகளில், பொத்தானை அழுத்துவதன் மூலம் தீர்மானமாகிவிடுகிறது. ஏலத்தில் பங்குபற்ற உறுப்புரிமை வேண்டும். ஆகவே நமது இறக்குமதியாளர்கள் அங்குள்ள முகவர் ஊடாகவே கேள்வி கோருகின்றனர்.

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓர் ஏலத்தாள் உண்டு. ஓடிய தூரம், தரப் புள்ளி ஆகியவற்றோடு, காரின் வரைபடத்தின் மேல் கீறலுக்கு 'ஏ', நசுங்கலுக்கு 'யு', திருத்திப் பூசிய இடத்துக்கு 'டபிள்யு' எனக் குறியிட்டிருப்பார்கள். 4.5 என்ற புள்ளி நல்ல வாகனத்துக்குரியது. விபத்தில் சிக்கித் திருத்தப்பட்டதாயின் 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். விற்பவனும் வாங்குபவனும் ஒரே உண்மையை அறிந்து பேரம் பேசுவதற்காகச் செய்த ஏற்பாடு இது.

அந்த உண்மை கொழும்பு வரைதான் வருகிறது. முதல் கொள்வனவாளர் தலைநகரில் இருப்பார். சில ஆண்டுகளின் பின் வாகனம் குருநாகலுக்கோ கண்டிக்கோ கைமாறும். பதுளை, பண்டாரவளைத் தரகர்களைக் கடந்து தோட்டத்து இளைஞனிடம் வரும்போது அது நான்காம் கையோ ஐந்தாம் கையோ ஆகியிருக்கும். ஏலத்தாள் வழியில் எங்கோ தொலைந்துவிடும். ஓட்டமானியைப் பின்னோக்கித் திருப்பிவைக்கும் கைவேலையையும் நாம் அறியாதவர்கள் அல்லர்.

இளைஞன் அதை ஏன் வாங்குகிறான்? 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. அடையாள அட்டை கிடைத்ததும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயரை எழுத முடிந்தது. காணி உறுதி இல்லாத குடும்பத்தில், சொந்தப் பெயரில் எழுதப்பட்ட முதற் சொத்து பல வேளைகளில் ஒரு முச்சக்கர வண்டியோ பழைய வேனோதான். தாயின் நகை அடகுக் கடைக்குப் போகும், மீதிக்கு லீசிங். பதிவுப் புத்தகத்தில் இளைஞனின் பெயருக்குக் கீழே, முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருக்கும். 2014இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்து 620 ரூபா. மாதத் தவணையை அந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள்.

விலையை நிர்ணயிப்பது நோடா மட்டுமன்று, கொழும்பின் திறைசேரியும்தான். 2010 ஜூனில் தீர்வை பெருமளவு குறைக்கப்பட்டது. 2012இல் மீண்டும் உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு முதல் வாகனக் கப்பல்கள் அம்பாந்தோட்டைக்குத் திருப்பப்பட்டன. 2015இல் சிறிய கார்களுக்குச் சலுகை வந்தது. அவ்வாண்டு வாகன இறக்குமதிச் செலவு 100 கோடி டொலரைத் தாண்டியது. 2018இல் சிறிய கார்களின் நாணயக் கடிதங்களுக்கு 100 சதவீத முன்வைப்புத் தொகை கேட்கப்பட்டது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் கதவு மீண்டும் திறந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறிய கதை எல்லோரும் அறிந்ததே. புதிய வரவு நின்றால் பழையதற்கு மதிப்பு. கொழும்பில் கார் வைத்திருந்தவருக்கு அது இலாபம். முதன்முறையாக வாங்க நினைத்த மலையகத்து இளைஞனுக்கு அது தண்டனை. இறக்குமதித் தீர்வையை அவன் சுங்கத்தில் செலுத்துவதில்லை. ஆனால் ஐந்தாம் கையின் விலையிலும் அத்தீர்வை ஒளிந்திருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியது. அடுத்து வந்த நாட்களில் செய்தியாளனாக அவ்வீதியில் சென்றபோது, உறவினரை ஏற்றிக்கொண்டு மேலும் கீழுமாக ஓடிய பழைய வேன்களைக் கண்டேன். அவற்றில் ஒன்றின் சாரதி, தவணைத் திகதி நெருங்குகிறது என்று மெதுவாகச் சொன்னார். அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைகள் நாட்டின் பேச்சானது 2014க்குப் பின்னரே. மலையும் பரிசோதிக்கப்பட்டே இருந்தது. முடிவு தாளில் இருந்தது. அதன்மேல் செய்ய வேண்டியது செய்யப்படவில்லை.

இப்போது இறக்குமதி மீண்டும் நடைபெறுகிறது. ஏலத்தாளின் பிரதியைப் பதிவுப் புத்தகத்தோடு இணைத்து, வாகனம் எத்தனை கை மாறினாலும் உடன் செல்லுமாறு ஒரு விதி செய்வது அரசாங்கத்துக்குப் பெருஞ்செலவன்று. இருக்கைகளை அடைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளோடு ஹப்புத்தளை மலையில் இறங்கும் வேனின் அடிச்சட்டம் ஒருமுறை உடைந்து ஒட்டப்பட்டதா என்பதை, அதை ஓட்டுபவன் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?