பத்தொன்பது புள்ளிகள்

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வளர்ந்த எங்களைப் போன்றோர்க்கு விளையாட்டு என்றால் சேப்பாக்கம்தான். 1920இல் ஹாரி குரோ பக் நிறுவிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைப் பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். உள்ளே பந்தை உதைப்பவர்களை இறங்கி நின்று பார்த்ததில்லை. ஆகவே 2018 மார்ச் 8, வியாழக்கிழமையன்று, சென்னையின் பெயரைத் தாங்கிய ஒரு கால்பந்துக் கழகத்தின் தலைவிதி எங்கோ பஞ்ச்குலாவில் தீர்மானமாகிக்கொண்டிருந்ததை எங்கள் தெருக்களில் யாரும் பேசவில்லை என்பதில் வியப்பில்லை. அந்த நாளைப் பற்றித் தாமதமாகவேனும் எழுதிவைக்க வேண்டுமென்று தோன்றுகிறது.

அக்கழகம் சென்னை சிட்டி. தன் தோற்றத்தை 1946 வரை பின்னோக்கிச் சொல்லிக்கொண்டது. ஆயினும் நாடறிய ஆடத் தொடங்கியது 2016-17இல், ஐ-லீகில் நேரடி நுழைவு பெற்ற பிறகே. அதற்கு முன் தேசிய லீகில் நம் நகரை நினைவூட்டியது இந்தியன் வங்கி அணி. ரயில்வே, துறைமுகம், வங்கி என்று அலுவலகப் பதிவேட்டில் பெயருள்ளவர்கள் மாலையில் காலணி மாட்டிக்கொண்டு ஆடியதே சென்னைக் கால்பந்தின் பழைய முகம். சென்னை சிட்டி அப்படிப்பட்டதன்று. சம்பளமும் சரி, சரிவும் சரி, களத்தை நம்பியே.

முதற் பருவத்தில் பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கில் ஆடினார்கள். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் பார்க் டவுனில் இறங்கி நடந்துவிடலாம், அவ்வளவு பக்கம். பத்து அணிகளில் எட்டாவது இடம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் சொந்த மைதானம் கோயம்புத்தூருக்கு மாறியது. பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில்.

தரமிறக்கம் என்பது எளிய விதிதான். கடைசியில் நிற்பவர் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும், கீழே முதலில் நிற்பவர் மேலே வர வேண்டும். இங்கிலாந்தில் 1898 முதல் இது தானாக நடக்கும் ஏற்பாடாயிற்று. கோப்பைக் கனவு அற்றுப்போன அணிக்கும் பருவத்தின் கடைசி வாரம்வரை ஆட வேண்டிய காரணத்தை இந்த விதியே கொடுக்கிறது. 2017-18இல் அட்டவணையின் அடியில் இருந்தது இந்தியன் ஏரோஸ், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வளர்த்த இளைஞர் அணி. அதற்குத் தரமிறக்கத்திலிருந்து விலக்கு. எனவே வாள் தொங்கியது ஒன்பதாம் இடத்தின் மேல்.

அந்த இடத்துக்கு வர மாட்டோம் என்று போராடிய இருவர் சென்னை சிட்டியும் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸும். சர்ச்சில் இரண்டு முறை தேசியப் பட்டம் வென்ற அணி. நம்மவர்கள் பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்காலிடம் 7-1 என்று நொறுங்கியிருந்தார்கள். இத்தகைய தோல்விக்குப் பின் ஓர் அணி எழுந்து நிற்பதே அரிது. இருந்தும் பதினெட்டு ஆட்டங்களின் கணக்கை முடித்தபோது நான்கு வெற்றி, ஏழு சமன், ஏழு தோல்வி, பத்தொன்பது புள்ளி.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சர்ச்சில் வென்றவை ஐந்து, நம்மைவிட ஒன்று கூடுதல். ஆனால் சமன் செய்தவை இரண்டே. வெற்றிக்கு மூன்று, சமனுக்கு ஒன்று என்ற கணக்கில், தோற்காமல் முடித்த ஏழு ஆட்டங்களே சென்னையைத் தூக்கி நிறுத்தின. கோல் அடித்தவரின் பெயரைத் தலைப்பில் போடுகிற நாளிதழ்கள், எண்பதாம் நிமிடத்தில் பந்தைக் கோட்டைத் தாண்டவிடாமல் தட்டிவிட்டவனைப் போடுவதில்லை. குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் போன்றோரின் துள்ளலான ஆட்டம் நினைவில் நிற்கும். அந்த ஏழு சமன்கள் யார் நினைவிலும் இரா.

மார்ச் 8 அன்று சர்ச்சில் பதினேழு புள்ளிகளோடு பஞ்ச்குலாவில் மினர்வா பஞ்சாபைச் சந்தித்தது. வென்றால் இருபது, சென்னை கீழே போகும். மினர்வாவுக்கோ வென்றால் பட்டம். ஒரே ஆட்டத்தில் உச்சியும் அடியும் தீர வேண்டிய நிலை. முதற்பாதியில் கானா நாட்டு வில்லியம் ஒபோகு ஒரு கோல் அடித்தார். அதுவே முடிவு. மினர்வா பட்டம் வென்றது, சர்ச்சில் விழுந்தது, சென்னை பிழைத்தது.

ஒன்பது நாள் கழித்து, மார்ச் 17 அன்று, இதே நகரின் மற்றோர் அணியான சென்னையின் எஃப்.சி. பெங்களூரில் 3-2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த லீகில் அப்போது தரமிறக்கமே இல்லை. கொண்டாட்டத்தைக் குறைசொல்ல மனமில்லை. ஆயினும் விழ இயலாதவனின் வெற்றியும் விழுந்துவிடாமல் பிழைத்தவனின் எட்டாமிடமும் ஒரே தராசில் ஏறா.

அடுத்த பருவத்தில் நடந்ததைக் கதையாக எழுதினால் மிகை என்பார்கள். சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ் சென்னை சிட்டி பட்டத்தை நோக்கி விரைந்தது. பெட்ரோ மான்சி இருபத்தொரு கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கோவையில் முந்தைய ஆண்டின் பட்டதாரியான மினர்வாவிடம் முதலில் பின்தங்கி, பிறகு கௌரவ் போராவின் இரு கோல்களோடு 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியால் முந்திப் பட்டம் வென்றது. அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி. பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளி எடுத்துக் கடைசியில் நின்றது. வென்றவர் மேலே ஏறவில்லை, தோற்றவர் கீழே இறங்கவில்லை. ஏணியின் படிகளைக் கழற்றி வைத்துவிட்டு ஏறு, இறங்கு என்றால் எப்படி?

2018இல் விழுந்த சர்ச்சிலும் உண்மையில் விழவில்லை. கூட்டமைப்பு மீண்டும் சேர்த்துக்கொண்டது, அவர்கள் அடுத்த பருவத்திலும் ஆடினார்கள். ஆக, அந்த ஏழு சமன்கள் காத்தது எதை என்று கேட்கத் தோன்றும்.

சென்னை சிட்டியின் கடைசிப் பருவம் 2020-21. தொற்றுக் காலமாதலால் எல்லா ஆட்டங்களும் வங்காளத்திலேயே நடந்தன. அட்டவணையில் கடைசியாக நின்றது மணிப்பூரின் நெரோகா. அடுத்த பருவத்திலும் அந்த அணி ஆடியது. அதற்கு மேலே முடித்த சென்னை சிட்டி, உரிம நிபந்தனைகளில் தேறாமல் பட்டியலிலிருந்து மறைந்தது.